ஓப்பன் மைக்கில் முதல் 5 நிமிடம்: வேலூரில் மேடையேறப் போகிறவர்களுக்கு

ஓப்பன் மைக் என்றால் புதியவர்களும் மேடையேறி ஸ்டாண்ட்-அப் காமெடி செய்து பார்க்கும் நிகழ்ச்சி. அதில் புதியவர்களுக்குப் பெரும்பாலும் 4 அல்லது 5 நிமிடம்தான் கிடைக்கும். 5 நிமிடம் என்றால் 4 நிமிடத்துக்கு எழுதுங்கள். மிச்சம் சிரிப்புக்கு. சிரிப்பே வராவிட்டால் சீக்கிரம் இறங்கிவிடலாம், அதுவும் லாபம்தான்.

படி 1: விஷயத்தைப் பிடிப்பது

"தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில்" என்று வேலூரைப் பற்றிய பழைய சொலவடையில் ஆரம்பிக்காதீர்கள். வேலூர்க்காரர்கள் அதைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு முடித்தவர்கள். நீங்கள் பாதி சொல்லும்போதே மீதியை முடித்துவிடுவார்கள். போதாததற்கு, கோட்டைக் கோயிலுக்கு 1981-லேயே சாமி வந்தாயிற்று. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டே ஓடியது. ஊரில் எல்லோருக்கும் நடப்பது, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது எது என்று தேடுங்கள். உதாரணமாக, வேலூரில் வீடு இருந்தால் சொந்தக்காரர்கள் திடீரென்று பாசமாகிவிடுவார்கள். காரணம் சிஎம்சி மருத்துவமனை.

படி 2: எழுதி, வெட்டுவது

இங்கேதான் நேரம் போக வேண்டும். முதலில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள்:

"எங்க மாமா ஒருநாள் கையில சிஎம்சி ஃபைலோட வந்து, உன்னப் பாக்கத்தான்டா வந்தேன்னு என்கிட்ட சொன்னாரு."

சிரிப்பு வராது. ஃபைல் முதலிலேயே வெளியே வந்துவிட்டது. கடைசியில் நிற்பது "சொன்னாரு". தமிழ் வாக்கியம் வினைச்சொல்லில் முடிவதால் இந்தத் தவறு தானாகவே நேரும். வாக்கியத்தை உடையுங்கள்:

"மாமா வந்தாரு. 'உன்னப் பாக்கத்தான்டா வந்தேன்'னாரு. கையில சிஎம்சி ஃபைல்."

சிரிப்பைக் கொண்டுவரும் சொல் கடைசியில். அதற்குப் பிறகு ஒரு எழுத்துகூட வேண்டாம். சிரிப்பு அடங்கத் தொடங்கும்போது, முழுதாக அடங்கும் முன், வாலாக ஒன்று: "'மறுபடி எப்ப மாமா வருவீங்க?' 'மூணு மாசம் கழிச்சு ரிவ்யூ.'" புதிதாக எதையும் விளக்காமலே இரண்டாவது சிரிப்பு கிடைக்கும். கேலி மாமாவின் பாசத்தைப் பற்றியது, நோயைப் பற்றியதல்ல என்பதைக் கவனியுங்கள். அறையில் நோயாளியின் உறவினர் ஒருவராவது இருப்பார்; இந்த ஊரில் அது நிச்சயம்.

படி 3: வரிசை

இருப்பதில் இரண்டாவது சிறந்த ஜோக் முதலில், ஆகச் சிறந்தது கடைசியில். தேறுமா என்று சந்தேகமிருப்பதை நடுவில் வையுங்கள். கூட்டம் எப்படிப்பட்டது என்று ஹோஸ்டிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விஐடி மாணவர்கள் நிறைய வந்தால் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம். குடியாத்தம், ஆற்காடு என்று ஊர்ப்பெயரை மட்டும் நம்பிய ஜோக் அங்கே படுத்துவிடும்.

படி 4: மைக்

ஸ்டாண்டிலிருந்து மைக்கை எடுத்ததும் ஸ்டாண்டைப் பின்னால் தள்ளி வையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. மைக்கின் தலையிலுள்ள வலைக்குமிழை உள்ளங்கையால் பொத்தினாலும், ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாலும் 'கொய்ங்' என்று கத்தும். வேலூர் வெயிலுக்கு மேடை ஓரம் ஒரு பெடஸ்டல் ஃபேன் கட்டாயம் இருக்கும். அதன் காற்று நேராக மைக்கில் அடித்தால் கடைசி வரிசைக்கு 'புஸ் புஸ்' மட்டும்தான் கேட்கும். தொடங்கும் முன்பே திருப்பிவிடச் சொல்லுங்கள்.

படி 5: லைட்

பின்னாலிருந்து ஃபோன் வெளிச்சம் காட்டினால், வழக்கமாக இன்னும் ஒரு நிமிடம் என்று பொருள். நடுவில் உள்ளதை விட்டுவிட்டுக் கடைசி ஜோக்குக்குத் தாவுங்கள். ஜோக் விழாவிட்டால் "புரியலையா?" என்று கேட்காமல் அடுத்ததற்குப் போங்கள்.

படி 6: பதிவு

எங்கே சிரித்தார்கள், எங்கே இருமினார்கள் என்று கேட்டுக் குறிக்க ஒலிப்பதிவு வேண்டும். ஃபோனைச் சட்டைப் பையில் வைத்தால் துணி உரசும் சத்தம்தான் மிஞ்சும். மேடைக்கு அருகே, கூட்டத்தைப் பார்த்தபடி, ஒரு நாற்காலியில் வையுங்கள். நண்பரிடம் கொடுக்காதீர்கள், அவர் சிரிப்பு மட்டும்தான் பதிவாகும்.