பணமுடை: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொத்தோ வருமானமோ இருந்தும், வேண்டிய நேரத்தில் கையில் ரொக்கம் இல்லாமல் திண்டாடும் நிலையே பணமுடை. இதை வறுமை என்ற பொருளில் எழுதுவதுதான் பலரும் செய்யும் பெருந்தவறு. வறுமை ஒரு குடும்பத்தோடு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடக்கூடியது. பணமுடை வந்து போவது.

வட்டித் தொழிலில் தலைமுறைகளைக் கழித்த செட்டிநாட்டின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1930களில் நெல் விலை சரிந்தபோது, பர்மாவில் செட்டியார்களிடம் கடன் வாங்கியிருந்த உழவர்கள் பலர், பணத்தைத் திருப்பிக் கொடுக்க வழியின்றி நிலத்தையே விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார்களின் நில உடைமை, 1938இல் 25 பங்காயிற்று. செட்டியார்களின் பேரேட்டில் சொத்து ஏறியது, பெட்டிக்கு ரொக்கம் வரவில்லை. இதுதான் பணமுடை. நிலத்தைப் பறிகொடுத்த உழவரின் நிலையை அப்படிச் சொல்லவே கூடாது. அது வாழ்வாதார இழப்பு.

நொடித்துப்போதல் என்பதும் வேறு. கடனைத் தீர்க்கவே வழியில்லாமல் தொழில் முறிந்துபோவதை அது குறிக்கும். நாணயத்தை நம்பிக் கொடுக்கல் வாங்கல் நடக்கும் ஊரில், ஒரு மாதப் பணமுடையில் இருப்பவரை நொடித்தவர் என்று எழுதினால், அவருக்குக் கைமாற்றுக் கொடுக்க இருந்தவரும் பின்வாங்கிவிடுவார்.

என்னை மிகவும் உறுத்துவது இலக்கணம் அறியாமல் நேரும் பிழை. காரைக்குடியில் ஒரு சங்கம், ‘திருமணச் செலவுக்குப் பணமுடையவர்கள் விண்ணப்பிக்கலாம்’ என்று அறிவிப்பு ஒட்டுவதாக வைத்துக்கொள்வோம். பணம், உடையவர்கள் என்று அது பிரியும். உதவி செல்வருக்கு என்றாகிவிடும். ‘பணமுடையில் உள்ளவர்கள்’ என்றே எழுத வேண்டும். ‘பணமுடையால் தவிப்பவர்’ என்றாலும் சரி.

பேச்சில் ‘மொடையா இருக்கு’ என்பது இயல்பு. எழுத்தில் முடை என்பதே சரியான வடிவம். ஆனால், முன்னால் பணம் என்ற சொல்லை விட்டுவிட்டு முடை என்று மட்டும் எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. முடைநாற்றம் என்பதில் அதற்குத் துர்நாற்றம் என்று பொருள். வளவில் அமர்ந்து ஆச்சி பனையோலைக் கொட்டான் முடைவதும் இதே எழுத்துகளில்தான் தொடங்குகிறது. ‘வீட்டில் முடை’ என்று நிறுத்தினால், எதைச் சொல்கிறோம் என்று படிப்பவர் தடுமாறுவார்.