கொலோனோஸ்கோபிக்கு ஊருக்கு ஊர் ஏன் வேறு விலை: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்காவில் குடும்ப மருத்துவரிடம் வருடாந்திரப் பரிசோதனைக்குப் போகும் 45 வயதைத் தாண்டியவர்களிடம் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "கொலோனோஸ்கோபி செய்துகொண்டீர்களா?" கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலை முழுவதும் பார்க்கும் பரிசோதனை இது. உள்ளே பாலிப் என்கிற சிறு சதை வளர்ச்சி இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். சில பாலிப்கள் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடியவை. அதனால் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதோடு, நோய் வராமலேயே தடுக்கவும் இது உதவுகிறது. முடிவு சுத்தமாக வந்து, உங்களுக்கு வேறு ஆபத்துக் காரணமும் இல்லையென்றால், அடுத்தது 10 வருடம் கழித்துத்தான்.

சரி, செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்து, தெரிந்தவர்களிடம் செலவைக் கேட்டால் தலை சுற்றும். டல்லாஸில் இருப்பவர் ஒரு பைசா கொடுக்கவில்லை என்பார். நியூ ஜெர்சியில் இருப்பவர் ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது என்பார். ஒரே ஊரில், ஒரே இன்ஷூரன்ஸ் வைத்திருக்கும் இரண்டு பேர் சொல்லும் தொகைகூட ஒத்துப்போகாது. இதைக் கேட்டுப் பயந்து பரிசோதனையையே தள்ளிப்போடுபவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். அந்தப் பயத்தைப் போக்கத்தான் இதை எழுதுகிறேன். விலையைக் கூட்டிக் குறைக்கும் காரணங்களில் சில உங்கள் கையில் இல்லை. ஆனால் மிகப் பெரிய காரணம் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

தனியார் இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, நாடு முழுவதற்கும் பொதுவான விலை என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தோடும் தனித்தனியாகப் பேரம் பேசி ஒப்பந்தம் போடுகிறது. அதனால் ஒரே மருத்துவமனையில், ஒரே மருத்துவர் செய்யும் ஒரே பரிசோதனைக்கு, அட்டையில் இருக்கும் நிறுவனத்தின் பெயரைப் பொறுத்து விலை மாறும்.

65 வயதுக்கு மேற்பட்டோருக்கான மெடிகேர் திட்டம் அரசு வகுத்த கட்டணப் பட்டியலின்படி பணம் கொடுக்கிறது. அதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. அந்தப் பகுதியின் ஊழியர் சம்பளம், கட்டட வாடகை, மருத்துவர்கள் கட்டும் வழக்குக் காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துத் தொகையைக் கூட்டியோ குறைத்தோ தருவார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடுதல், மிசிசிப்பியில் குறைவு. இது நியாயமான வித்தியாசம், பெரிய வித்தியாசமும் இல்லை.

தனியார் இன்ஷூரன்ஸில் தெரியும் வித்தியாசத்தை வாடகையும் சம்பளமும் மட்டும் விளக்காது. அங்கே பேரத்தின் பலம்தான் பேசும். ஒரு பகுதியில் இருக்கும் மருத்துவமனைகளையும் சிறிய கிளினிக்குகளையும் ஒரே பெரிய குழுமம் வாங்கிவிட்டால், அந்தக் குழுமத்தை நெட்வொர்க்கில், அதாவது தன்னோடு ஒப்பந்தம் உள்ள இடங்களின் பட்டியலில், சேர்க்காமல் எந்த இன்ஷூரன்ஸ் நிறுவனமும் அங்கே திட்டம் விற்க முடியாது. அது கேட்கும் விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். போட்டிக்கு நாலைந்து இடங்கள் இருக்கும் ஊரில் இப்படிக் கேட்க முடியாது. இதனால்தான் வாடகை மலிவான சில சிறு ஊர்களில்கூட மருத்துவ விலை பெருநகரத்தைவிட அதிகமாக இருக்கிறது.

மேரிலாந்து மாநிலம் இதற்கு விதிவிலக்கு. அங்கே 1970-களிலிருந்து மாநில ஆணையம் ஒன்று மருத்துவமனைக் கட்டணங்களை நிர்ணயிக்கிறது. ஒரே மருத்துவமனையில் எந்த இன்ஷூரன்ஸ் வைத்திருந்தாலும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. ஆனால் மருத்துவரின் கட்டணம் இந்த ஏற்பாட்டுக்குள் வராது.

எந்தக் கட்டடத்தில் செய்கிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம்

கொலோனோஸ்கோபியை மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவிலும் செய்யலாம், அன்றே வீடு திரும்பும் சிகிச்சைகளுக்காகத் தனியாக இயங்கும் நாள்-அறுவை மையத்திலும் செய்யலாம். கருவி ஒன்றுதான், பல சமயம் மருத்துவரும் அதே ஆள்தான். ஆனால் ஃபெசிலிட்டி ஃபீ என்று ஒன்று இருக்கிறது. அதாவது, அந்த இடத்தைப் பயன்படுத்தியதற்கான கட்டணம். மருத்துவமனையில் இது மிக அதிகம். மெடிகேரே தனி மையத்துக்குக் கொடுக்கும் தொகை, மருத்துவமனைக்குக் கொடுப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் வரும். தனியார் இன்ஷூரன்ஸில் இடைவெளி இதைவிடவும் பெரிதாக இருக்கலாம்.

இதிலும் ஊருக்கு ஊர் நிலைமை வேறு. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில், புதிய மருத்துவ வசதி தொடங்க வேண்டுமானால் "இங்கே இதற்குத் தேவை இருக்கிறது" என்று அரசிடம் நிரூபித்துச் சான்று வாங்க வேண்டும். பல இடங்களில் அந்தச் சட்டம் நாள்-அறுவை மையங்களையும் கட்டுப்படுத்துகிறது. அங்கே மருத்துவமனையை விட்டால் வேறு வழி குறைவு. டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு விஷயம் இதைத் தெளிவாகக் காட்டும். அரசு ஊழியர்களுக்கான ஓய்வூதிய அமைப்பான கால்பெர்ஸ், 2012-இல் ஒரு விதி கொண்டுவந்தது. மருத்துவமனையில் கொலோனோஸ்கோபி செய்தால் 1,500 டாலர் வரைதான் கணக்கில் எடுத்துக்கொள்வோம், அதற்கு மேல் போனால் உறுப்பினரே கட்ட வேண்டும், தனி மையத்தில் செய்தால் இந்த வரம்பு கிடையாது என்றது. உறுப்பினர்களில் பலர் தனி மையங்களுக்கு மாறினார்கள். சிக்கல்கள் கூடியதாகத் தெரியவில்லை, செலவு நன்றாகக் குறைந்தது.

கடுமையான இதய நோயோ நுரையீரல் நோயோ இருப்பவர்களுக்கு மருத்துவமனைதான் பாதுகாப்பு. அதை மருத்துவர் சொல்வார், அப்போது விலையைப் பார்க்காதீர்கள். மற்றவர்கள் நேரம் குறிக்கும்போதே, "இதை மருத்துவமனையில் செய்வீர்களா, தனி மையத்திலா?" என்று கேட்டுவிடுங்கள். பல மருத்துவர்கள் இரண்டு இடத்திலும் செய்கிறார்கள். நீங்கள் கேட்கவில்லையென்றால் அவர்களுக்கு வசதியான நாளில், வசதியான இடத்தில் போட்டுவிடுவார்கள். கட்டடம் சிறியதாக, கடைத்தெருவுக்கு நடுவில் இருந்தாலும் அது ஒரு பெரிய மருத்துவமனையின் பெயரில் பதிவான கிளையாக இருக்கலாம். அப்படியானால் மருத்துவமனைக் கட்டணம்தான் வரும். ஆகவே பெயர்ப் பலகையை நம்பாமல் வாய்விட்டுக் கேளுங்கள்.

ஒரு பரிசோதனைக்கு நாலு பில்

புதிதாக வந்தவர்களை அதிகம் திகைக்க வைப்பது இதுதான். இடத்துக்கு ஒரு பில், குடல் மருத்துவருக்கு ஒரு பில், மயக்க மருந்து கொடுத்தவருக்கு ஒரு பில், எடுத்த பாலிப்பைச் சோதித்த பேத்தாலஜி ஆய்வகத்துக்கு ஒரு பில். வெவ்வேறு வாரங்களில், வெவ்வேறு பெயர்களில் வரும்.

மயக்க மருந்திலும் வட்டார வழக்கம் இருக்கிறது. லேசான தூக்கம் போதும் என்றால் குடல் மருத்துவரின் மேற்பார்வையில் நர்ஸே மருந்து கொடுப்பார், தனி பில் வராது. புரோபோஃபால் கொடுத்து ஆழமாகத் தூங்க வைக்க வேண்டுமானால் பெரும்பாலும் அனஸ்தீசியா நிபுணர் வருவார், அவருக்குத் தனி பில். நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் இரண்டாவது முறை மிகப் பரவலாக இருந்துவந்திருக்கிறது. மேற்கே அந்த அளவுக்கு இல்லை. நோயாளியின் உடல்நிலை ஒன்றாக இருந்தாலும் ஊர் வழக்கத்தால் மட்டுமே செலவு கூடுகிறது.

முன்பெல்லாம் நெட்வொர்க்கில் இருக்கும் இடத்துக்குப் போனாலும், மயக்க மருந்து கொடுத்தவர் நெட்வொர்க்கில் இல்லை என்று பெரிய பில் வரும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டரசுச் சட்டம் இதைத் தடுக்கிறது. இடம் உங்கள் நெட்வொர்க்கில் இருந்தால், அனஸ்தீசியா நிபுணரோ பேத்தாலஜிஸ்டோ நெட்வொர்க் விகிதத்துக்கு மேல் உங்களிடம் கேட்கக் கூடாது.

யாருக்கு இலவசம், எப்போது இல்லை

2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, பெரும்பாலான தனியார் திட்டங்கள் நோய்த்தடுப்புப் பரிசோதனைகளை முழுச் செலவும் ஏற்று வழங்க வேண்டும். டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை), கோ-பே (ஒவ்வொரு முறையும் நீங்கள் கட்டும் பங்கு) எதுவும் கிடையாது. பெருங்குடல் புற்றுநோய் ஸ்க்ரீனிங் தொடங்கும் வயது 2021-இல் 50-லிருந்து 45-க்குக் குறைக்கப்பட்டது. 45 முதல் 75 வரை இந்தச் சலுகை உண்டு. ஸ்க்ரீனிங்கின்போது பாலிப் எடுத்தாலும் இலவசம்தான். மயக்க மருந்து, பேத்தாலஜி, முந்தைய நாள் குடிக்கும் பேதி மருந்து எல்லாம் இதில் அடங்கும். ஆனால் நெட்வொர்க்குக்குள்ளேயே செய்ய வேண்டும். சில மாதங்களுக்கு மட்டும் விற்கப்படும் குறுகிய காலத் திட்டங்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

டல்லாஸ்காரருக்கும் நியூ ஜெர்சிக்காரருக்கும் இருந்த வித்தியாசம் பல சமயம் இங்கேதான் ஒளிந்திருக்கும். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குச் செய்தால் அது ஸ்க்ரீனிங். ரத்தப் போக்கு, வயிற்று வலி, இரும்புச் சத்துக் குறைவு என்று ஒரு காரணத்துக்காகச் செய்தால் அது டயக்னோஸ்டிக். டயக்னோஸ்டிக் என்றால் டிடக்டிபிள் உங்கள் தலையில் விழும், அப்போதுதான் ஊரின் விலையும் கட்டடத்தின் விலையும் உங்கள் பையைத் தொடும். முன்பு பாலிப் எடுத்தவர்கள் மூன்று அல்லது ஐந்து வருடத்தில் மறுபடி செய்யும்போதும் பல திட்டங்கள் அதை ஸ்க்ரீனிங்காக ஏற்பதில்லை. முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இலவசமாக முடிய வேண்டும் என்று அறிகுறியை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மலத்தில் ரத்தம் பார்த்திருந்தால் சொல்லுங்கள். தெரிந்தால்தான் எவ்வளவு அவசரம் என்று அவர் முடிவு செய்ய முடியும். பணத்தைப் பிறகு தவணையில்கூடக் கட்டிக்கொள்ளலாம்.

குழாய் விடுவதற்குத் தயக்கமாக இருந்தால், வருடத்துக்கு ஒரு முறை வீட்டிலேயே செய்யும் ஃபிட் என்கிற மலப் பரிசோதனை இருக்கிறது, மிக மலிவு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை செய்யும் கோலோகார்ட் என்கிற மலப் பரிசோதனையும் உண்டு. இவற்றில் சந்தேகம் வந்தால் கட்டாயம் கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். 2022 மே 31-க்குப் பிறகு தொடங்கிய திட்ட ஆண்டுகளில் அந்தத் தொடர் பரிசோதனையையும் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்பது விதி.

நேரம் குறிப்பதற்கு முன்

மருத்துவர் அலுவலகத்திடம் பில்லில் எந்த கோட் (சிகிச்சையைக் குறிக்கும் எண்) போடப் போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாதாரண கொலோனோஸ்கோபிக்கு 45378, பாலிப்பைக் கம்பி வளையத்தால் எடுத்தால் 45385. கூடவே ஸ்க்ரீனிங் என்பதற்கான நோய்க் குறியீடு இசட்12.11 இருக்க வேண்டும். இந்த எண்களோடு இன்ஷூரன்ஸ் அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, இந்த மையத்தில், இந்த மருத்துவரிடம் செய்தால் என் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். பேசியவர் பெயர், தேதி, அழைப்பு எண் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைகள் தங்கள் ஒப்பந்த விலைகளை இணையத்தில் வெளியிட வேண்டும் என்ற விதி 2021 முதல் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியைத் தங்கள் தளத்தில் தர வேண்டும். உங்கள் ஜிப் கோடில் பொதுவாக என்ன விலை என்று தெரிய ஃபேர் ஹெல்த் தளம் உதவும். நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சில மாநிலங்களில் அரசே இதற்குத் தளம் நடத்துகிறது.

இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களும் சொந்தப் பணத்தில் செய்பவர்களும் எழுத்துப்பூர்வமான மதிப்பீடு கேட்டு வாங்கலாம், அது உங்கள் உரிமை. ஒரு மையத்தின் பில் அதன் மதிப்பீட்டைவிட 400 டாலர் அல்லது அதற்கு மேல் கூடினால், முதல் பில் வந்த 120 நாளுக்குள் முறையிடலாம். நாலு பில்லையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும் மையங்களும் உண்டு, விசாரியுங்கள்.

அப்புறம், அப்பா அம்மா. விசிட்டர் விசாவில் வரும் பெற்றோருக்கு வாங்கும் பயண இன்ஷூரன்ஸ் திடீர் நோய்க்கானது, ஸ்க்ரீனிங் செலவை பொதுவாகக் கொடுக்காது. கிரீன் கார்டில் வந்து 65 வயதைத் தாண்டியவர்கள், இங்கே வேலை செய்த வரலாறு இல்லையென்றால், ஐந்து வருடம் தொடர்ந்து குடியிருந்த பிறகே மெடிகேரைப் பணம் கட்டி வாங்க முடியும். அதுவரை மார்க்கெட்பிளேஸ் என்கிற அரசு ஏற்படுத்திய காப்பீட்டுச் சந்தையில் திட்டம் வாங்கலாம். 75 வயது வரை அதில் ஸ்க்ரீனிங் இலவசம்.

எல்லாம் சரியாகச் செய்தும் பில் வந்தால் உடனே கட்டிவிடாதீர்கள். முதலில் இன்ஷூரன்ஸ் அனுப்பும் ஈஓபி என்கிற விவரத் தாளோடு பில்லை ஒப்பிடுங்கள். பாலிப் எடுத்ததால் ஸ்க்ரீனிங்கை டயக்னோஸ்டிக்காகப் பதிவு செய்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. "இது ஸ்க்ரீனிங்காகத் தொடங்கியது, மாடிஃபயர் 33 சேர்த்துத் திரும்ப அனுப்புங்கள்" என்று மருத்துவரின் பில்லிங் பிரிவிடம் சொல்லுங்கள். இது நோய்த்தடுப்புப் பரிசோதனை என்று காட்ட கோடோடு சேர்க்கும் குறி அது. அவர்கள் மறுத்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் அப்பீல் செய்யலாம். அப்பீலுக்குக் கடைசி நாள் எது, எங்கே அனுப்ப வேண்டும் என்பது அந்த ஈஓபியிலேயே இருக்கும்.