நானோவிஎன்ஏ வைத்து 40 மீட்டர் டைபோலை அளப்பது எப்படி

நானோவிஎன்ஏ (ஆன்டெனா, கேபிள்களை அளக்கும் கையடக்கப் பெட்டி) கைக்கு வந்ததும் ஆன்டெனாவில் மாட்டி எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அரை மணி நேரம் பொறுங்கள். இந்தப் பெட்டி காட்டும் ஒவ்வொரு எண்ணும் நீங்கள் கேலிபரேஷன் (தெரிந்த அளவுகளை வைத்துக் கருவியைத் திருத்துவது) செய்த இடத்தில் நின்று பார்த்த எண். அந்த இடம் பெட்டியின் வாயா, கேபிளின் மறுமுனையா என்று தெரியாவிட்டால், திரையில் மூன்று தசமம் வரை தெரிந்தாலும் அதற்கு அர்த்தம் கிடையாது.

இங்கே எடுத்துக்கொள்வது நானோவிஎன்ஏ ஹெச்4. பழைய ஹெச் மாடலுக்கும் வழிமுறை இதேதான். வேலை: 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது 40 மீட்டர் அலைநீளப் பட்டைக்கு, ஒரு டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இருபக்கக் கம்பி ஆன்டெனா).

மாட்டும் முன்

டிரான்ஸ்மிட்டர் பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது. ஒரே ஆன்டெனா சுவிட்சில் ரேடியோவையும் விஎன்ஏவையும் கோர்க்காதீர்கள். ஒரு தடவை பிடிடி (ரேடியோவில் பேச அழுத்தும் பட்டன்) அழுத்தினால் உள்ளிருக்கும் மிக்ஸர் போய்விடும். பயஸ்-டீ (சிக்னல் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் இணைப்பு) வழியாக டிசி வரும் கேபிளும் அப்படியே. மூன்றாவது எதிரி நிலைமின்சாரம். வறண்ட காற்றடிக்கும் நாளில் 20 மீட்டர் கம்பி தானாகவே மின்னேற்றம் சேர்த்துக்கொள்ளும். கேபிளை மாட்டும் முன், நடு ஊசியையும் வெளி உறையையும் ஸ்க்ரூடிரைவரால் ஒரு விநாடி சேர்த்துப் பிடியுங்கள். தூரத்தில் இடி கேட்டாலே அளவெடுப்பதை நிறுத்திவிட வேண்டும்.

எஸ்எம்ஏ கனெக்டரை (பெட்டியின் வாயில் இருக்கும் சின்னத் திருகு இணைப்பு) மாட்டும்போது நட்டை மட்டும் திருப்புங்கள். கேபிளின் உடலைத் திருப்பினால் நடு ஊசி உரசித் தேயும். பெட்டியின் வாயில் ஒரு எஸ்எம்ஏ அடாப்டரை நிரந்தரமாக விட்டுவிடுவது நல்லது. தேய்ந்தால் அடாப்டரை மாற்றலாம், பெட்டியின் வாயை மாற்றுவது பெரும்பாடு.

கேலிபரேஷன்

முதலில் அலைவரிசை எல்லை. ஸ்டிமுலஸ் மெனுவில் ஸ்டார்ட் 6.5, ஸ்டாப் 7.8 மெகாஹெர்ட்ஸ். 1 முதல் 30 வரை மொத்தமாக வைத்துவிட வேண்டாம். 101 புள்ளிகளில் அது 290 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளி. மேக்னடிக் லூப் மாதிரிக் குறுகிய அலைவரிசையில் மட்டும் பொருந்தும் ஆன்டெனாவின் எஸ்டபிள்யூஆர் பள்ளம் இரண்டு புள்ளிக்கு நடுவே விழுந்து கண்ணில் படாமலே போகும். 6.5 முதல் 7.8 என்றால் 13 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளி, டைபோலுக்கு இது தாராளம்.

அடுத்து கேலிபரேட் மெனுவில் ரீசெட். இதை மறந்தால் பழைய திருத்தத்தின் மேல் புதுத் திருத்தம் ஏறிக் குழப்பும். பிறகு போர்ட் 1-ல் ஓபன் (திறந்த முனை), ஷார்ட் (சேர்த்த முனை), லோட் (50 ஓம்) மூன்றையும் வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் திரை ஓரிரு முறை ஓடி முடிந்தபின் பட்டனைத் தொடுங்கள். எஸ்21 (போர்ட் 1-லிருந்து போர்ட் 2-க்குப் போய்ச்சேரும் அளவு) அளக்கப்போவதில்லை என்றால் ஐசொலேஷனும் த்ரூவும் தேவையில்லை. டன், பிறகு சேவ் 0.

திரையின் இடது ஓரத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘சி’ (C) தெரிந்தால் திருத்தம் அப்படியே செல்லும். எல்லையை மாற்றியதும் அது சின்ன எழுத்தாக மாறும்: எடுத்த திருத்தத்தை வைத்துக் கருவி இடையில் ஊகிக்கிறது என்று பொருள். கொஞ்சம் நகர்த்தினால் பரவாயில்லை, நிறைய நகர்த்தினால் மறுபடி கேலிபரேஷன் செய்துவிடுங்கள்.

முடிந்ததும் சோதியுங்கள். ஓபன் வைத்தால் ஸ்மித் சார்ட்டின் (ஓம் அளவைக் காட்டும் வட்ட வரைபடம்) வலது ஓரத்தில் ஒரு புள்ளி, ஷார்ட் வைத்தால் இடது ஓரத்தில். ஆனால் லோடையே திரும்ப மாட்டி 1.00 வருகிறது என்று மகிழ்வதில் பயனில்லை. அதைத்தான் 50 ஓம் என்று சற்றுமுன் அதற்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். தனியாக ஒரு 100 ஓம் 1% மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரைக் கால்களைக் குட்டையாக வெட்டி ஒரு கனெக்டரில் சால்டர் செய்து வையுங்கள். எஸ்டபிள்யூஆர் 2.0 காட்ட வேண்டும். 1.8 என்றோ 2.3 என்றோ காட்டினால் லோடைச் சந்தேகப்படுங்கள். மல்டிமீட்டரில் அது 50 ஓமுக்கு மிக அருகில் இருக்கிறதா பாருங்கள்.

ஷேக்கில் (ரேடியோ அறையில்) எல்லாமே பிஎல்-259 (பெரிய திருகு பிளக்) என்றால், எஸ்எம்ஏவில் கேலிபரேஷன் செய்து அடாப்டர் போடுவதைவிட, பிஎல்-259 பிளக்கிலேயே மூன்றையும் செய்துகொள்வது மேல். காலி பிளக் ஓபன். நடு ஊசியை உறையோடு சேர்த்தது ஷார்ட். இரண்டு 100 ஓம் இணையாகப் போட்டது லோட். 30 மெகாஹெர்ட்ஸ் வரை இது கச்சிதமாக வேலை செய்யும்.

கேபிளை முதலில் அளந்துவிடுங்கள்

ஆன்டெனாவைக் கழற்றி, கேபிளின் மறுமுனையைத் திறந்தே விடுங்கள். எல்லையை 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து வைத்து மறுபடி கேலிபரேஷன் செய்யுங்கள். அங்கிருந்து ஏறும்போது, ஸ்மித் சார்ட்டில் புள்ளி முதன்முதலில் இடது ஓரத்தைத் தொடும் இடம் கால் அலைநீளம். நீளம் மீட்டரில் = 75 × வேகக் காரணி (கேபிளில் அலை ஓடும் வேகம், ஒளிவேகத்தின் பங்காக) ÷ மெகாஹெர்ட்ஸ். ஆர்ஜி-58 என்ற மெல்லிய 50 ஓம் கேபிளுக்குக் காரணி 0.66. அந்த இடம் 4.95 மெகாஹெர்ட்ஸ் என்றால் கேபிள் 10 மீட்டர். டேப்பில் அளந்த நீளத்தோடு ஒத்துவராவிட்டால், நடுவில் எங்கோ அறுந்திருக்கலாம், அல்லது வேகக் காரணி வேறாக இருக்கலாம்.

இழப்பையும் இப்போதே பாருங்கள். திறந்த முனையில் எல்லாச் சக்தியும் திரும்பி வர வேண்டும். குறைவது போகும்போதும் வரும்போதும் கேபிள் தின்றது. ஆகவே ரிட்டர்ன் லாஸில் (திரும்பி வருவது எத்தனை டெசிபல் குறைந்தது என்ற அளவு) பாதிதான் ஒருவழி இழப்பு. திறந்து ஒன்று, ஷார்ட் செய்து ஒன்று என இரண்டு அளவெடுத்துச் சராசரி எடுத்தால் ஏற்ற இறக்கம் அடங்கும். 20 மீட்டர் புது ஆர்ஜி-58, 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபலைத் தாண்டாது. இரண்டு காட்டினால் உள்ளே மழைநீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

இதே கேபிள் 30 மீட்டர், 145 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவழி இழப்பு 6 டெசிபல் அளவில் வரும். மேலே ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் கீழே ரிட்டர்ன் லாஸ் 12 டெசிபல், அதாவது எஸ்டபிள்யூஆர் 1.7! நல்ல ஆன்டெனா என்று நம்பி வருடக்கணக்கில் ஓட்டலாம். கேபிளின் அடியில் எடுத்த எஸ்டபிள்யூஆரைத் தனியாக நம்பக்கூடாது என்பது இதனால்தான்.

டைபோல்

கம்பியின் மொத்த நீளம் 143 ÷ 7.1 = 20.1 மீட்டர். வெட்டும்போது 20.6 மீட்டராக வெட்டுங்கள். நீட்டுவதைவிடக் குறைப்பது சுலபம்.

இங்கே கேலிபரேஷனைக் கேபிளின் மறுமுனைக்கே கொண்டுபோங்கள். எல்லையை மறுபடி 6.5 முதல் 7.8 ஆக்கி, தரையிலேயே முழுக் கேபிளையும் விஎன்ஏவில் மாட்டி, ஓபன், ஷார்ட், லோட் மூன்றையும் ஆன்டெனா சேரும் முனையில் வைத்து, சேவ் 1-ல் போடுங்கள். பிறகு டைபோலை மாட்டித் தூக்குங்கள். இப்போது திரையில் தெரிவது ஃபீட் பாயின்ட்டின் (கேபிள் ஆன்டெனாவில் சேரும் இடம்) உண்மையான ஓம். எலக்ட்ரிகல் டிலே என்ற வசதி கேபிளின் கட்டத் (ஃபேஸ்) திருப்பத்தை மட்டும் சரிசெய்யும், இழப்பைச் சரிசெய்யாது.

எஸ்டபிள்யூஆர் பள்ளத்தை மட்டும் துரத்தாமல் மார்க்கர் காட்டும் ஆர் (மின்தடை), எக்ஸ் (ரியாக்டன்ஸ்) இரண்டையும் படியுங்கள். 7.1-ல் எக்ஸ் மைனஸாக, பிகோஃபாரடாகக் காட்டினால் கம்பி குட்டை. பிளஸாக, நானோஹென்றியாகக் காட்டினால் நீளம். எக்ஸ் பூஜ்யமாகும் இடம் 6.95 என்று வைத்துக்கொண்டால், 20.6 × (6.95 ÷ 7.10) = 20.16 மீட்டர். குறைக்க வேண்டியது மொத்தம் 44 செ.மீ., பக்கத்துக்கு 22. உடனே வெட்டாதீர்கள், நுனியை மடித்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள்.

எக்ஸ் பூஜ்யமாகியும் எஸ்டபிள்யூஆர் 1.4-க்குக் கீழே இறங்காவிட்டால் ஆர் எவ்வளவு என்று பாருங்கள். 70 ஓமும் 1.4, 36 ஓமும் 1.4. வைத்தியம் இரண்டுக்கும் நேர் எதிர். 70 என்றால் நுனிகளைத் தாழ்த்தித் தலைகீழ் ‘வி’யாக்குங்கள், ஆர் இறங்கும். 36 என்றால் ‘வி’யை விரியுங்கள், அல்லது முழு ஆன்டெனாவையும் இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோங்கள்.

கோடு ரம்பப்பல் போலத் துடித்தால் பக்கத்தில் மீடியம் வேவ் கோபுரம் எதுவும் இருக்கிறதா பாருங்கள். இந்தப் பெட்டியின் வாயில் வடிகட்டி கிடையாது.

கை வைத்தால் நகரும் கோடு

பெட்டியைக் கையால் பிடித்துப் பாருங்கள், லேப்டாப்பின் யுஎஸ்பி ஒயரை மாட்டிப் பாருங்கள். பள்ளம் இடம் மாறுகிறதா? அப்படியானால் கேபிளின் வெளி உறையிலும் மின்னோட்டம் ஓடுகிறது. நீங்கள் அளப்பது டைபோலும் கேபிளும் உங்கள் கையும் சேர்ந்த ஒன்று. ஃபீட் பாயின்ட்டில் ஒரு சோக் (உறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) வேண்டும். எஃப்டி240-31 டொராய்டில் (ஃபெரைட் வளையம்) ஆர்ஜி-58 கேபிளை 12 சுற்றுச் சுற்றுங்கள்.

மாட்டும் முன் அதையும் அளக்கலாம். சோக்கின் இரு முனையிலும் நடுக்கம்பியை உறையோடு சேருங்கள். ஒரு முனை போர்ட் 1-ன் நடு ஊசிக்கு, மறுமுனை போர்ட் 2-ன் நடு ஊசிக்கு. இரு போர்ட்டின் எர்த்தும் ஒன்றோடொன்று. இதற்கு த்ரூ கேலிபரேஷன் அவசியம், கிளிப்புகளின் நுனியிலேயே எடுங்கள். எஸ்21 மைனஸ் 30 டெசிபல் என்றால் சோக் ஏறக்குறைய 3000 ஓம், மைனஸ் 20 என்றால் 900 ஓம்தான். 7 மெகாஹெர்ட்ஸில் 3000-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிப் ஒயர் நீண்டால் எண் மாறிவிடும், ஒரு விரல் நீளத்துக்குள் வையுங்கள்.

சோக் ஏறியதும் டைபோலின் ஒத்திசைவு சில பத்து கிலோஹெர்ட்ஸ் நகர்ந்திருக்கலாம். மறுபடி அளந்து, மடிப்பைச் சரிசெய்து, கை வைத்தாலும் கோடு அசையவில்லை என்று உறுதியான பிறகு மடித்த நுனியை வெட்டுங்கள்.