சி.டி. ஸ்கேனிலிருந்து தாடையின் முப்பரிமாண மாதிரி: தொடக்கப் பாடம்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து பல் மருத்துவமும் ரேடியாலஜியும் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உள்ள ஊர்களில் வாய்ப்புற்றுநோய் புதிதல்ல. நோய் தாடை எலும்பைப் பிடித்துவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, காலிலிருந்து ஃபிபுலா எலும்பை எடுத்துப் பொருத்துவதுண்டு. தாடையின் மாதிரி முன்கூட்டியே கையில் இருந்தால், டைட்டானியம் பிளேட்டை அதில் வைத்து வளைத்துக்கொள்ளலாம். ஆபரேஷன் மேசையில் அவ்வளவு நேரம் மிச்சம்.

முதலில், ஸ்கேன் சென்டர் கொடுத்த டிஸ்க்கில் 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகள் (உடலை அடுக்கடுக்காகக் காட்டும் குறுக்குவெட்டுப் படங்கள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். 5 மி.மீ. வெட்டுகளில் எடுத்தால் தாடையின் ஓரம் படிக்கட்டு மாதிரி வரும். ஃபிலிமை ஃபோனில் படமெடுத்தால் உதவாது, ஸ்கேன் கருவி தரும் மூலப் படக் கோப்புகளான டைகாம் கோப்புகளே வேண்டும். அவற்றில் நோயாளியின் பெயர் இருக்கும் என்பதால் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

அடுத்து, இலவசமாகக் கிடைக்கும் '3டி ஸ்லைசர்' மென்பொருளில் கோப்புகளை ஏற்றி, 'செக்மென்ட் எடிட்டர்' திறந்து, 'த்ரெஷோல்ட்' தேர்ந்தெடுங்கள். நாம் வைக்கும் எல்லைக்குள் அடர்த்தி உள்ள இடங்களுக்கு மட்டும் இது வண்ணம் பூசிக் காட்டும்.

இங்கே அவசரமே கூடாது. கீழ் எல்லையை 250 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சி.டி. படத்தில் அடர்த்தியைக் குறிக்கும் அலகு) அளவில் வைத்துத் தொடங்கலாம். ஏற்றிக்கொண்டே போனால் மெல்லிய எலும்பு மறைந்து, இல்லாத ஓட்டை தெரியும். அதைப் பார்ப்பவர் நோய் அரித்துவிட்டது என்று நினைக்கக்கூடும். ரொம்ப இறக்கினால் தசையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு வெட்டாக நகர்த்தி, வண்ணம் பூசிய ஓரமும் எலும்பின் ஓரமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பல்லில் உலோகம் அடைத்திருந்தால் அதைச் சுற்றிக் கோடுகள் தெறிக்கும், அவற்றைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

அப்புறம் கழுத்தெலும்பையும் மேல்தாடையையும் 'சிசர்ஸ்' கொண்டு பிரியுங்கள். வாயை மூடிய நிலையில் ஸ்கேன் எடுத்திருந்தால் மேல் பல்லும் கீழ் பல்லும் ஒட்டியிருக்கும், அங்கே பொறுமையாக வெட்டுங்கள். உதிரித் துணுக்குகளை 'ஐலண்ட்ஸ்' நீக்கிவிடும். சொரசொரப்பை மழுப்பும் 'ஸ்மூதிங்' கொஞ்சமாகப் போதும், அதிகமானால் அளவே மாறிவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். இந்த மாதிரியில் எலும்பு மட்டும்தான் இருக்கிறது. சதையில் நோய் எதுவரை பரவியிருக்கிறது என்பதை இது காட்டாது. எங்கே வெட்டுவது என்ற முடிவு சர்ஜனுடையது.

கடைசியாக, முப்பரிமாண அச்சு இயந்திரம் படிக்கும் எஸ்.டி.எல். கோப்பாகச் சேமித்து, மில்லிமீட்டர் கணக்கில் அச்சிடுங்கள். அச்சானதும் தாடையின் இரு கோணங்களுக்கும் (காதுக்குக் கீழே தாடை வளையும் மூலைகள்) இடைப்பட்ட தூரத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து, திரையில் காட்டும் அளவோடு ஒப்பிட்ட பிறகே சர்ஜனிடம் கொடுங்கள்.