பிள்ளைகளுக்கு அகழாய்வுப் பிறந்தநாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைகை கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது அழகன்குளம். தொல்லியல் துறை 1986 முதல் பல கட்டங்களாகத் தோண்டி, ரோமானியக் காசுகள், தமிழி (பழங்காலத் தமிழ் எழுத்து) பொறித்த பானை ஓடுகள், கப்பல் படம் கீறிய ஓடு என எடுத்த ஊர். அது எங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, பிள்ளையின் பிறந்தநாளை அகழாய்வு விளையாட்டாக நடத்த யாருக்கும் ஆசை வரும்.

பெரிய தவறு, அதைப் புதையல் வேட்டையாக்கிவிடுவது. என் மகளின் எட்டாவது பிறந்தநாளில் மணலுக்குள் பொம்மைகளைக் கலந்து புதைத்து, தோண்டச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பெரிய பையன்கள் அள்ளிக்கொண்டார்கள். ஒரு சின்னப் பிள்ளை வெறுங்கையோடு நின்றது இன்னும் மனதில் இருக்கிறது.

அடுத்த வருடம் அகலமான பிளாஸ்டிக் தொட்டிகளில் மண்ணை அடுக்கினோம். அடியில் கண்மாய் மண், அதில் பானை ஓடுகள். நடுவில் செம்மண், அதில் சுடுமண் மணிகள். மேலே மணல், அதில் சோடா மூடியும் இன்றைய நாணயமும். தொட்டிக்கு மூன்று பேர்: ஒருவர் பிரஷால் தள்ள, ஒருவர் சலிக்க, ஒருவர் எந்த அடுக்கில் என்ன கிடைத்தது என்று நோட்டில் எழுத வேண்டும். பிறகு வேலையை மாற்றிக்கொள்ளலாம். கீழே போகப் போகக் காலம் பின்னால் போகிறது என்பதை யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டார்கள். டைனோசர் எலும்பு வேண்டாம். அது தொல்லியலே இல்லை.

கடற்கரையில் ஆழமாகக் குழி தோண்ட விடாதீர்கள். மணல் சரிந்து பிள்ளையை மூடிவிடும். பழைய மேடுகளில் கை வைக்கவே கூடாது. எழுத்துள்ள ஓடு கண்ணில் பட்டால் அங்கேயே விட்டு வருவாய்த் துறைக்குச் சொல்லுங்கள். அலங்காரத்துக்குப் பவளப்பாறைத் துண்டு பொறுக்குவதும் குற்றம்தான், செத்த பவளமாக இருந்தாலும். வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

பானை ஓடுகளுக்குக் குயவரிடம் ஒரு பானை வாங்கி உடைத்து, விளிம்புகளைக் கல்லில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு பிள்ளையின் பெயரைத் தமிழியில் கீறிவைத்தால் அதற்கு ஈடான பரிசு இல்லை.

அப்புறம், எல்லா ஓடுகளையும் புதைத்துவிட வேண்டாம். இரண்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிஜ அகழாய்வில் முழுப் பானை அபூர்வம். கிடைத்த ஓடுகளைப் பிள்ளைகள் பானையாக ஒட்டி முடித்ததும் "மிச்சம் எங்கே?" என்று கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். அவர்களே யோசித்து ஆளுக்கொரு காரணம் சொல்லட்டும்.