பல்லுறுப்புக் கோவைச் சார்பு இரட்டைப்படையா, ஒற்றைப்படையா?

மாறி ய வரும் இடமெல்லாம் −ய எனப் பிரதியிட்டுச் சுருக்கும்போது, பழைய கோவையே கிடைத்தால் அது இரட்டைப்படைச் சார்பு. எல்லா உறுப்புகளின் குறியும் மாறினால் ஒற்றைப்படைச் சார்பு. சில உறுப்புகளின் குறி மட்டும் மாறினால் இரண்டும் அல்ல.

கோவையை முழுமையாக விரித்து, ஒத்த உறுப்புகளைச் சேர்த்த பின், அடுக்குகளை மட்டும் நோக்கினாலும் போதும். கெழுக்கள் (ய-வின் முன் நிற்கும் எண்கள்) ஒற்றையா இரட்டையா என்பது இங்கே பொருட்டே அல்ல. எல்லா அடுக்குகளும் இரட்டை எண்களாயின் இரட்டைப்படைச் சார்பு, எல்லாம் ஒற்றை எண்களாயின் ஒற்றைப்படைச் சார்பு, கலந்திருந்தால் இரண்டும் அல்ல.

மிகுந்த கவனம் தேவைப்படுவது மாறிலி உறுப்பில் (ய இல்லாத தனி எண்ணில்) தான்: அதன் அடுக்கு 0, அதுவும் இரட்டை எண்ணே என்பதால், ய³ + 5ய ஒற்றைப்படைச் சார்பாக இருந்தும், ய³ + 5ய + 2 எவ்வகையிலும் சேராது. விரிக்காமல் முடிவுசெய்வதும் தவறு; அடுக்கு 2 என்பதால் (ய − 1)² இரட்டைப்படைச் சார்பு போலத் தோன்றினாலும், அதை விரித்தால் −2ய என்னும் ஒற்றை அடுக்கு உறுப்பு வெளிப்படுகிறது. பூச்சியக் கோவை (எல்லாக் கெழுக்களும் 0 ஆன கோவை) மட்டும் இரு வகையிலும் அடங்கும்.