டிவி காட்டாத கார் டீட்டெயிலிங்: டர்பன் பக்கம் இருப்பவர்களுக்கு

கார் டீட்டெயிலிங், அதாவது காரை நுணுக்கமாகக் கழுவி, பாலிஷ் போட்டு, பாதுகாப்புப் பூச்சு பூசுகிற வேலை பற்றி டிவியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது என்று ஆசையாக உட்கார்ந்து பார்த்த பலர் இப்போது கடுப்பில் இருக்கிறார்கள். அந்தக் கடுப்பு நியாயமானது. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 44 நிமிடம். அதிலும் பெரும்பகுதி கடைக்குள் நடக்கிற வாக்குவாதம், நாளைக் காலைக்குள் முடிக்கவேண்டும் என்ற பரபரப்பு, கடைசியில் போர்வையை இழுத்ததும் கார்க்காரர் கண்கலங்குவது. எந்தத் துணியால் துடைத்தார்கள், பாலிஷ் மெஷினில் எந்தப் பேடு (மெத்தை வட்டு) போட்டார்கள், ஒரு இடத்தில் எத்தனை தடவை மெஷினை ஓட்டினார்கள், ஏன் அங்கே நிறுத்தினார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீட்டு வாசலில் சொந்தக் காரைத் தானே பார்த்துக்கொள்ள நினைப்பவருக்கு வேண்டியதே அதுதான். அதனால் அவர்கள் விட்டதை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்த 'முன்பு, பின்பு' காட்சிகளை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். 'முன்பு' காட்சியில் வண்டியை நேர் வெயிலில் நிறுத்துவார்கள், அல்லது டார்ச்சை ஒட்டி அடிப்பார்கள், அப்போது சிலந்தி வலை மாதிரி சுழல் கீறல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். 'பின்பு' காட்சியில் வெளிச்சம் மெதுவாக மேலிருந்து பரவி வரும், அதில் எந்தக் கீறலும் தெரியாது, அழுக்கு வண்டி கூடக் கண்ணாடி மாதிரி இருக்கும். நனைந்த பெயிண்டும் அப்படித்தான், தண்ணீர் கீறலுக்குள் இறங்கி அதை மறைத்துவிடும். அப்புறம் பாலிஷ். சில பாலிஷில் எண்ணெயும் நிரப்பிப் பொருளும் இருக்கும், அது கீறலை அடைத்து நிற்கும், நாலைந்து தடவை கழுவினால் போய்விடும். உண்மையிலேயே கீறல் போனதா என்று பார்க்க ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கவேண்டும். இந்த ஒரு வேலையைக் கேமரா முன்னால் செய்து காட்டுகிற நிகழ்ச்சி என்றால் நம்பிப் பார்க்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். டீட்டெயிலிங்கில் பெரிய வேலை கழுவுவதுதான், பெயிண்டில் விழுகிற கீறலில் பெரும்பாலானவை தப்பாகக் கழுவுவதாலும் துடைப்பதாலும் விழுபவை. நம் ஊர் அழுக்கு வேறு மாதிரி. பிளஃப், இசிபிங்கோ, உம்ஷ்லாங்கா பக்கம் கடல் உப்பு காற்றோடு வந்து படியும். டோங்காட், வெருலம் பக்கம் ஏப்ரல் வாக்கில் தொடங்கி ஆண்டுக் கடைசி வரை கரும்பு வெட்டு, தோட்டத்தைக் கொளுத்தும்போது கரிச் சாம்பல் கறுப்பு மழை மாதிரி விழும். அதைக் காய்ந்த துணியால் தட்டவோ துடைக்கவோ கூடாது, தண்ணீர் ஊற்றித்தான் இறக்கவேண்டும். மைனா எச்சம் இன்னும் மோசம். வெயில் பட்டால் பானெட்டில் தழும்பாகவே பதிந்துவிடும், அதனால் பார்த்த அன்றே ஈரத்துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து எடுத்துவிடுங்கள். மாம்பால் சொட்டினாலும் காயவிடாமல் சீக்கிரம் எடுத்துவிடுங்கள்.

எங்கே நிறுத்திக் கழுவுவது? இந்தியாவில் எடுத்த வீடியோவைப் பார்த்துச் செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டர்பனில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும், அதனால் நிழல் வீட்டின் தெற்குப் பக்கம் விழும். அங்கே நிறுத்துங்கள். கோடையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே வந்துவிடும், அப்போது காலை ஏழு மணிக்குள் முடித்தால்தான் உண்டு. பானெட்டில் கையை வைத்தால் சுடக்கூடாது. சூடான பெயிண்டில் சோப்பு காய்ந்து கறை பிடிக்கும்.

சக்கரங்களை முதலில் கழுவுங்கள், அதற்குத் தனி வாளி, தனிப் பிரஷ். பிரேக் தூளில் இரும்புத் துகள் நிறைய இருக்கும், அது தோய்ந்த துணி பெயிண்ட் பக்கமே வரக்கூடாது. அடுத்து வண்டி முழுவதும் தண்ணீர் அடித்து மணலை இறக்குங்கள், சக்கர வளைவின் உள்பக்கமும் அடிப்பாகமும் சேர்த்து, ஏனென்றால் உப்பு தங்கித் துரு பிடிப்பது அங்கேதான், டிவியில் கேமரா அங்கே போவதே கிடையாது. நுரைத் துப்பாக்கி இருந்தால் அடியுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை. நுரை அழுக்கை ஊறவைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. டிவிக்கு நுரை மேல் அவ்வளவு ஆசை, படத்துக்கு நன்றாக இருக்கிறது என்பதால்.

பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர், இரண்டிலும் அடியில் சல்லடைத் தட்டு. ஸ்பாஞ்ச் வேண்டாம், அது மணலைத் தன் முகத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டு தேய்க்கும். மைக்ரோஃபைபர் கையுறை வாங்குங்கள். கூரையிலிருந்து ஆரம்பித்துக் கீழே வாருங்கள், நேர்கோட்டில் இழுங்கள், ஒரு பேனல் முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் தோய்க்கவேண்டும். கதவின் கீழ்ப்பாதியும் பின் பம்பரும் கடைசியில். பாத்திரம் கழுவும் திரவம் ஊற்றாதீர்கள், போட்டிருக்கிற வாக்ஸைச் சீக்கிரம் எடுத்துவிடும். துவட்டுவதற்குப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்து மெதுவாக இழுத்தால் போதும், அழுத்தவேண்டாம். பழைய பனியன், ஷாமி தோல் இரண்டும் வேண்டாம்.

தண்ணீர் இல்லாத நாளும் நமக்கு உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் நிலையம் நாசமாகி மக்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். கேப் டவுனில் 2018 பிப்ரவரியில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தது. அந்த மாதிரி நாட்களுக்கென்றே அலசத் தேவையில்லாத ஷாம்பூ இருக்கிறது. ஒரே வாளித் தண்ணீரில் கொஞ்சம் கலந்து, நிறையத் துணிகளை அதில் நனைத்து, ஒவ்வொரு துணியையும் மடித்து மடித்துப் புதுப் பக்கத்தால் துடைக்கவேண்டும். ஆனால் சேறு அப்பிய பக்கிக்கு (பிக்கப் வண்டிக்கு) இது சரிவராது.

கழுவிய பிறகும் கை வைத்தால் சொரசொரப்பாக இருக்கிறதா? மியர்பேங்க், ஜேகப்ஸ் மாதிரித் தொழிற்சாலைப் பக்கமோ ரயில் பாதை ஓரமோ வண்டி நின்றால் இருக்கத்தான் செய்யும். ஒட்டிய இரும்புத் துகளைக் கரைக்கிற இரும்பு நீக்கி தெளித்தால் ஊதா நிறத்தில் வழிந்து இறங்கும், காய்வதற்குள் அலசிவிடுங்கள். அப்புறம் மிச்சம் ஒட்டியிருப்பதைப் பிடித்து இழுக்கிற, களிமண் மாதிரியான கிளே கட்டியை நன்றாக வழுக்கும்படி ஈரம் வைத்து லேசாக ஓட்டுங்கள். கிளே கீழே விழுந்தால் எடுத்துக் குப்பையில் போடுங்கள், அதில் ஒட்டிய ஒரு மணல் போதும் பானெட்டைப் பாழாக்க.

பாலிஷ் போடுவது தான் டிவி மிகவும் மோசமாகக் காட்டுகிற இடம், எனக்கு உண்மையான கோபம் வருவதும் இங்கேதான். இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் என்ற நிறமில்லாத படலம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் கனம். தலைமுடி ஒன்றைவிட மெல்லியது. ஒவ்வொரு தடவை காம்பவுண்டு (கடினமான பாலிஷ்) போடும்போதும் அதில் கொஞ்சம் தேய்ந்து போகிறது, போனது திரும்பி வராது, வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்தப் படலம்தான். எல்லாக் கீறலையும் எடுத்தே தீருவேன் என்று டிவியில் மெஷினை அழுத்துகிறாரே, அந்தக் காரின் கூரை சில வருடம் கழித்து எப்படி உரிந்து வெளுக்கிறது என்று யாரும் வந்து படம் எடுப்பதில்லை.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். டூயல் ஆக்‌ஷன் மெஷின் (சுழன்றுகொண்டே ஆடுவது) மட்டும், ஒரே அச்சில் சுழல்கிற ரோட்டரி வேண்டாம். ஓரங்களுக்கும் மடிப்புக் கோடுகளுக்கும் டேப் ஒட்டுங்கள், அங்கே பெயிண்ட் இன்னும் மெல்லிசு. பானெட்டில் அரை மீட்டர் சதுரத்தைச் சோதனை இடமாக எடுத்துக்கொண்டு, மென்மையான பேடு, மென்மையான பாலிஷ் போட்டு, நாலு முதல் ஆறு தடவை குறுக்கும் நெடுக்குமாக நிதானமாக ஓட்டுங்கள். ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். போதும் என்று தோன்றினால் வண்டி முழுக்க அதே கூட்டணிதான். போதாவிட்டால்தான் ஒரு படி கடினமானதற்குப் போகவேண்டும். நகம் மாட்டுகிற ஆழக் கீறலை அப்படியே விட்டுவிடுங்கள், அதைத் துரத்தினால் கிளியர் கோட் போய்விடும். பழைய பக்கியில் பேடில் வண்டி நிறம் ஒட்டினால் பயப்படவேண்டாம், அந்தக் காலத்துப் பெயிண்டில் கிளியர் கோட் இல்லாததால் அப்படி வரும். புது வண்டியில் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள்.

அடுத்தது பாதுகாப்புப் பூச்சு. செராமிக் என்கிற கெட்டிப்படும் திரவப் பூச்சு போட்டால் கீறலே விழாது என்கிற பேச்சை நம்பாதீர்கள், மெல்லிய படலம் அது, தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்கிவிடும், கல் பட்டால் கீறும். டர்பன் கோடைப் புழுக்கத்தில் திறந்த வாசலில் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். மூடிய கராஜ் இல்லாதவர்கள் வாக்ஸ் அல்லது தெளிக்கும் சீலன்ட் போட்டு, தண்ணீர் முத்து முத்தாக நிற்பது குறைந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

கோவிலில் வண்டிக்குப் பூஜை போட்டு வந்தால் சந்தனமும் குங்குமமும் பானெட்டில் வாரக்கணக்கில் காயவேண்டாம். சாமி கும்பிட்டது கும்பிட்டதுதான், மறுநாள் ஈரத்துணி வைத்து ஊறவிட்டு எடுங்கள். வெள்ளை வண்டியில் மஞ்சள்தூள் கறை நின்றால் தேய்க்காதீர்கள், வெயிலே அதை வெளுக்க வைத்துவிடும்.

உள்ளே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாக்யூம், ஈரத்துணி, அவ்வளவுதான். டேஷ்போர்டில் பளபளக்கும் எண்ணெய் வேண்டாம், வெயிலில் கண்ணாடியில் பிரதிபலித்து ரோடு தெரியாது.

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் கையுறை, இரண்டு வாளி, நல்ல துண்டு, ஷாம்பூ. அடுத்து கிளேயும் வாக்ஸும். மெஷினைக் கடைசியில் வாங்குங்கள், வாங்கியதும் ஸ்கிராப் யார்டில் ஒரு பழைய பானெட் எடுத்து வந்து, கை பழகுகிற வரைக்கும் அதில் ஓட்டிப் பாருங்கள்.